-6.50 பவருக்கு பெரிய ஃப்ரேம் போட்டு லென்ஸ் தடியா நிக்குது, ஃப்ரேம மாத்தணுமா லென்ஸ மாத்தணுமா?

மதுரைமல்லி:
வணக்கம், கண்ணாடி விஷயத்துல கொஞ்சம் உதவி வேணும். எனக்கு ரைட்ல -6.00, லெஃப்ட்ல -6.50. காலேஜ்ல இருந்து சின்ன ஓவல் மெட்டல் ஃப்ரேம்தான், அது கம்பி லூஸ் ஆயிடுச்சுன்னு இப்ப எல்லாரும் போடுற மாதிரி பெரிய சதுர ஷெல் (தடி பிளாஸ்டிக்) ஃப்ரேம் எடுத்தேன். கடைல "1.67 போட்டுக்கங்க மேடம், தடிமனே தெரியாது"ன்னாங்க (அது லென்ஸோட இன்டெக்ஸாம், நம்பர் கூடக் கூட லென்ஸ் மெலிசாகுமாம்), போட்டேன், ஃப்ரேம விட லென்ஸ் டபுள் விலை. வந்து பாத்தா காதுப் பக்கம் லென்ஸ் ஃப்ரேமுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, வேர்த்தா வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துடுது, ஸ்கூட்டி ஓட்டுறப்ப ஒரு கையால தூக்கி விட்டுக்கிட்டே போறேன். உள்ள கண்ணு ரெண்டும் சுண்டைக்காய் மாதிரி இருக்குன்னு எங்கம்மா வேற. சாயங்காலம் ஆனா புருவத்துக்கு மேல வலி. 1.74க்கு மாத்தினா சரியாயிடும்னு கடைல சொல்றாங்க, உண்மையா? எனக்கு உருண்டை முகம், சின்ன ஃப்ரேம் போட்டா முகம் இன்னும் பெருசா தெரியுமோன்னு பயம்.

சோடாபுட்டி:
வாங்க வாங்க, நான் -9, பேரே சொல்லுமே. 1.74க்கு காசக் கொட்டாதீங்க. கம்பிக்கு உள்பக்கம் மூணு நம்பர் இருக்கும், அதையும் உங்க பி.டி. எவ்வளவுன்னும் போடுங்க, அது தெரியாம யாரும் ஒன்னும் சொல்ல முடியாது.

மதுரைமல்லி:
54 □ 18 140னு இருக்கு. பி.டி. சீட்டுல எழுதல, கண் டாக்டர்ட்ட போன் பண்ணி கேட்டதுக்கு 60ன்னாங்க. கடைல அளந்த மாதிரி ஞாபகமே இல்ல, மூஞ்சியப் பாத்தாங்க பில் போட்டாங்க.

ஆப்டோ_தம்பி:
அக்கா நான் ஆப்டிகல்ஸ்ல ஃபிட்டிங் வேலை பாக்குறேன். 54ங்கறது ஒரு லென்ஸோட அகலம், 18 நடுவுல மூக்குப் பாலம், 140 காது கம்பி நீளம், எல்லாம் மி.மீ. பி.டி.ங்கறது உங்க ரெண்டு கருவிழிக்கும் நடுவுல உள்ள தூரம். மைனஸ் லென்ஸ் நடுவுல மெலிசு, ஓரத்துக்குப் போகப் போக தடிக்கும், அந்த மெலிசான நடு உங்க கருவிழிக்கு நேரா இருக்கணும். உங்க ஃப்ரேம்ல 54ம் 18ம் கூட்டினா 72, உங்களுக்கு 60தான், அப்ப ஒவ்வொரு லென்ஸோட நடுவையும் 6 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளி வைக்கணும், வச்சா காதுப் பக்க ஓரம் நடுவுல இருந்து 33 மி.மீ. தள்ளிப் போயிடும். தடிமன் அந்த தூரத்தோட வர்க்கத்துல ஏறும், அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க.

நான் கணக்கு போட்டுப் பாத்தேன், லெஃப்ட் -6.50க்கு, நடுவுல 1.2 மி.மீ. வச்சு. இந்த ஃப்ரேம்ல 1.67 போட்டா ஓரம் சுமாரா 6.5 வருது, 1.74 போட்டா 6 வருது, அவ்ளோதான் வித்தியாசம், அரை மி.மீ.க்கு அத்தன ஆயிரம். இதே 46-20 ஃப்ரேம் எடுத்தீங்கன்னா ஓரம் 26 மி.மீ.லயே முடிஞ்சிடும், சாதா 1.60 லென்ஸ்லயே 5க்குள்ள வந்துடும். சின்ன ஃப்ரேம்ல விலை கொறஞ்ச லென்ஸ், பெரிய ஃப்ரேம்ல விலை கூடின லென்ஸ விட மெலிசு. கடைக்காரங்க இத சொல்ல மாட்டாங்க, ஏன்னா இன்டெக்ஸ்லதான் லாபம். 1.60ல ஓரத்துல கலர் பிரியறதும் 1.67, 1.74 அளவுக்கு இருக்காது. சதுரத்தோட வெளி மூலை இன்னும் தள்ளி இருக்கும், அங்க தடிமன் நான் சொன்னத விட கூடும், அதனால மூலை கொஞ்சம் வளைஞ்சதா எடுங்க.

புருவ வலிக்கு முதல்ல பி.டி.ய செக் பண்ணுங்க. கடைல லென்ஸ்மீட்டர்ல (லென்ஸ் பவர் பாக்குற மெஷின்) வச்சு ரெண்டு லென்ஸோட நடுவுக்கும் புள்ளி வைக்கச் சொல்லி, புள்ளிக்குப் புள்ளி அளந்து பாருங்க. 60 வரலன்னா பிரிசம் வந்துடும், அதாவது வெளிச்சம் பக்கவாட்டுல வளைஞ்சு கண்ணுக்கு வரும், கண்ணு நாள் முழுக்க இழுத்துப் பிடிச்சு பாக்கணும். மூக்குல இறங்கறதும் அழகுப் பிரச்சினை மட்டுமில்ல, உங்க பவருக்கு 5 மி.மீ. முன்னாடி வந்தாலே கிட்டத்தட்ட 0.20 பவர் கொறஞ்ச மாதிரி, பஸ் நம்பர் அதனாலயே மங்கும்.

திருச்சி_பெரியப்பா:
தம்பி, எனக்கு வயசு 52, ப்ரொக்ரஸிவ் போடச் சொல்லியிருக்காங்க. சின்ன ஃப்ரேம்னா எனக்கும் அதேதானா?

ஆப்டோ_தம்பி:
ஐயா, உங்களுக்கு உயரம்தான் முக்கியம். தூரம், கம்ப்யூட்டர், படிப்பு மூணும் மேல இருந்து கீழ அடுக்கா வரணும், லென்ஸ் உயரம் 30 மி.மீ. பக்கமாவது இருக்கட்டும், பட்டையா இருக்கறத எடுத்துட்டா படிக்கிற இடம் வெட்டுப்பட்டுப் போயிடும். உங்க சீட்ட தனியா போடுங்க, அக்கா கேள்விய முடிச்சுக்குவோம்.

சோடாபுட்டி:
உருண்டை முகத்துக்கு நான் சொல்றேன், நமக்கும் அதே மூஞ்சிதான். லென்ஸ் அகலத்தையும் ஃப்ரேம் அகலத்தையும் ஒன்னா நெனைக்காதீங்க. 46 லென்ஸ்லயே விளிம்பு தடியா, கம்பி சேர்ற முனை வெளிய தள்ளி இருக்கற ஷெல் ஃப்ரேம் கெடைக்கும், அது போட்டா முகம் முழுசா நிரம்பும். மேல்பக்கம் நேர்கோடா புருவத்த ஒட்டி, கீழ வளைஞ்சு இருக்கறது உருண்டை முகத்துக்கு நல்லா இருக்கும், முழு வட்டம் வேணாம். டார்க் கலர்னா லென்ஸ் ஓரம் அதுக்குள்ளயே ஒளிஞ்சுக்கும். விளிம்பே இல்லாத ரிம்லெஸ் பக்கம் போகவே போகாதீங்க, நம்ம பவருக்கு அது தடிமன ஊருக்கே காட்டும். ஷெல்லுலயே அட்ஜஸ்ட் பண்ற சிலிக்கான் நோஸ் பேட் வச்சது கேளுங்க, வழுக்கறது பாதி நிக்கும். போட்டுட்டு வாய்விட்டு சிரிங்க, கன்னம் ஃப்ரேம மேல தூக்குச்சுன்னா வச்சிட்டு வந்துடுங்க. அப்புறம் நம்மள மாதிரி ஆளுங்க கண்ணாடிய கழட்டிட்டு புது ஃப்ரேம் மாட்டினா எதிர்ல இருக்கறது நம்ம மூஞ்சியா அடுத்தவங்க மூஞ்சியான்னே தெரியாது, அதனால போன்ல வீடியோ எடுத்து பழைய கண்ணாடிய போட்டுட்டு பாருங்க.

மதுரைமல்லி:
கடைக்கு போனேன். புள்ளி வச்சு அளந்தா 64 வருது! அவங்களே ஒரு மாதிரி ஆயிட்டாங்க. 47-20ல ஒரு கருப்பு ஷெல் புடிச்சிருக்கு, நோஸ் பேட் இருக்கு, சிரிச்சும் பாத்துட்டேன். ஆனா லென்ஸுக்கு திரும்ப காசு குடுக்கணுமாம், பணம் திருப்பித் தர முடியாதாம்.

ஆப்டோ_தம்பி:
புது லென்ஸ் எதுக்குக்கா? இருக்கறதையே சின்னதா வெட்டச் சொல்லுங்க. இப்ப உங்க லென்ஸ் நடுவுல இருந்து காதுப் பக்கம் 31, மூக்குப் பக்கம் 23 இருக்கு. 47-20க்கு 60 பி.டி. வச்சா காதுப் பக்கம் 27, மூக்குப் பக்கம் 20 போதும், தாராளமா உள்ள அடங்கும், தப்பா இருக்கற சென்டரும் அப்பவே சரியாயிடும். புது ஃப்ரேமோட உயரம் பழசோடத விட கம்மியான்னு மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க, சீட்டுல சிலிண்டர் பவர் (ஒரு திசைல மட்டும் கூடுற பவர்) ஏதாவது இருந்தா அதோட ஆக்ஸிஸ், அதாவது கோணம், திரும்பாம வெட்டணும். வெட்டுறப்ப ஓரம் லேசா உடைஞ்சிடலாம், அது யார் பொறுப்புன்னு முன்னாடியே பேசிடுங்க. நீல ஒளிய வடிகட்டுற ப்ளூ கட் கோட்டிங் சேத்துக்கங்கன்னு தலைல கட்டப் பாத்தா வேணாம்னுடுங்க, மருத்துவ ஆய்வுகள தொகுத்துப் பாக்குற காக்ரேன் அமைப்போட 2023 ஆய்வுத் தொகுப்புலயே கம்ப்யூட்டர் களைப்புக்கு அதால பெருசா பலன் தெரியலன்னுதான் இருக்கு. சாதா ஆன்டி ரிஃப்ளெக்ஷன் இருந்தா போதும்.

இன்னொன்னு, -6க்கு மேல போனாலே அது உயர் கிட்டப்பார்வை, வருஷத்துக்கு ஒருக்கா சொட்டு மருந்து விட்டு விழித்திரைய பாத்துடுங்க. திடீர்னு மின்னல் அடிச்ச மாதிரியோ கறுப்பு புள்ளி கூட்டமாவோ தெரிஞ்சா அன்னிக்கே போயிடணும்.

மதுரைமல்லி:
வெட்டித் தர ஒத்துக்கிட்டாங்க, கூலி மட்டும் கேட்டாங்க, ஓரம் உடைஞ்சா அவங்க பொறுப்புன்னு பில்லுலயே எழுதி வாங்கிட்டேன். விழித்திரை செக்கப்புக்கு சனிக்கிழமை டோக்கன் போட்டாச்சு, மருந்து விட்டா கொஞ்ச நேரம் வண்டி ஓட்டக் கூடாதாம், தம்பிய கூட்டிட்டுப் போறேன்.