நம்ம வீட்டுக் குழு: யார்க்கில் ஒரு மாலை ஆராதனை

அக்கா: டியூட்டி முடிந்து நேராக இங்கே யார்க் மின்ஸ்டர் கதீட்ரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். மாலை ஆராதனை, ஈவன்சாங். இப்போதுதான் வெளியே வந்தேன். காலையிலிருந்து வார்டில் கத்திய மானிட்டர் சத்தம் காதைவிட்டுப் போயே போய்விட்டது.

அம்மா: டிக்கெட் அநியாய விலை என்றாயே?

அக்கா: அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அம்மா. ஆராதனைக்கு இலவசம். கொயர், அதாவது பாடகர் குழு, அதன் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

தம்பி: தூங்கினாயா, உண்மையைச் சொல்.

அக்கா: கண்ணை மூடினேன். இரண்டும் வேறு 😄

சித்தப்பா: நீ பாடினாயா இல்லையா?

அக்கா: இல்லை சித்தப்பா, அதுதான் பிடித்ததே. சங்கீதம், மரியாளின் பாட்டு, சிமியோனின் பாட்டு எல்லாம் கொயர்தான். நாம் எழுந்து நிற்கிறோம், உட்காருகிறோம், விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். நாள் முழுக்க ஆளாளுக்கு என்னைக் கூப்பிட்டார்கள், இங்கே முக்கால் மணி நேரம் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சித்தப்பா: அப்படியானால் கச்சேரி என்று சொல். கடைசி பெஞ்சு தாத்தாவும் தொண்டை கிழியப் பாடினால்தான் எனக்கு ஆராதனை.

அக்கா: கச்சேரியில் இடையிடையே கைதட்டுவார்களே. இங்கே ஒரு இருமல்கூட இல்லை.

அத்தை: 🌹🌹 இனிய இரவு வணக்கம்

தம்பி: அத்தை, இதே ரோஜா நேற்றும் வந்தது.

அக்கா: கொயரின் எதிர் வரிசையில் ஒரு பொடியன். ஷூ நாடா அவிழ்ந்து கிடக்கிறது, வாய் பிளந்து கொட்டாவி, பக்கத்துப் பையன் முழங்கையால் இடிக்கிறான். பாட்டு நடத்துகிறவரின் கை அசைந்ததும் நிமிர்ந்து பாடினான் பாருங்கள், அவன் குரல்தானா என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா: சங்கீதத்தை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாடுவார்களே, தெகானி, கன்டோரிஸ் என்று?

அக்கா: அதேதான்.

சித்தப்பா: ஆங்கிலிக்கன் சபையின் பழைய ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதத்தையும் 30 நாளுக்குப் பங்கு போட்டிருக்கிறது. 15ஆம் தேதி சாயங்காலம் மட்டும் போய்விடாதே. 78ஆம் சங்கீதம், எழுபதுக்கு மேல் வசனம்!

அக்கா: 😂 இன்று தப்பித்தேன். அப்புறம் தாமஸ் டாலிஸ் இசையமைத்த ‘இஃப் யீ லவ் மீ’ (நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால்) என்ற பாட்டு. இரண்டே நிமிடம்தான்.

சித்தப்பா: டாலிஸா! எட்டாம் ஹென்றி முதல் முதலாம் எலிசபெத் வரை நாலு பேர் ஆட்சியில் பாடிப் பிழைத்த மனிதர். ஒரு ராஜா லத்தீன் வேண்டாம் என்பார், அடுத்து வந்த ராணி லத்தீன்தான் வேண்டும் என்பார். ஆறாம் எட்வர்ட் காலத்தில் ஜனங்களுக்கு வசனம் புரிய வேண்டும், ஒரு அசைக்கு ஒரு சுரம் போதும் என்று கெடுபிடி. அதற்குள் நின்று எழுதியது இது.

அக்கா: அதுதான் ஒரு வார்த்தையும் தப்பாமல் கேட்டது! முதல் வரியில் நாலு குரலும் சேர்ந்தே போகிறது, பிறகு ஒன்றையொன்று துரத்துகிறது.

அம்மா: இங்கிருந்து கேட்க வழி உண்டா?

அக்கா: யூடியூபில் நிறைய கதீட்ரல்கள் போடுகிறார்கள். பிபிசி வானொலியில் ஈவன்சாங் ஒலிபரப்பை 1926-லேயே தொடங்கிவிட்டார்கள். மிக்சி போட்டுக்கொண்டு கேட்காதீங்க அம்மா.

சித்தப்பா: அந்த டாலிஸ் பாட்டின் வார்த்தைகள் யோவான் 14, தேற்றரவாளனாகிய பரிசுத்த ஆவி வருகிற வசனம். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு நம் கொயரில் எடுக்கலாமே. நோட்ஸ் அனுப்பு.

தம்பி: கீபோர்டு யார்?

அக்கா: கீபோர்டே கிடையாது. வெறும் குரல்தான்.

சித்தப்பா: ஐயோ, நம் கொயரில் டெனர் குரல் பாடுகிற இரண்டு பேரும் பக்கம் திருப்புவதற்குள் சுருதி இறங்கிவிடுவார்களே.

தம்பி: அதில் ஒருவன் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் சித்தப்பா.

சித்தப்பா: தெரிந்துதான் சொன்னேன். சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்துவிடு.