படித்துறைக்கு ஆள் வர என்ன செய்யலாம்?

கும்பகோணத்துக்காரன்:
காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் ஸ்கூல் வேன் கடக்கும் பாலம்தான். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் சக்கரப் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. மறுநாள் போனால் காப்பரிசி கொண்டுவந்த கேரிபேக், வளையல் அட்டை, படி இடுக்கில் சிக்கிய பழைய சேலை. ஒருநாள் கூடிக் குப்பை அள்ளி போட்டோ எடுத்துக்கொண்டு கலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வருஷம் முழுக்க ஆற்றோடு ஒட்டுறவு வேண்டும். வழி சொல்லுங்கள்.

மாயவரத்துத் துலாக்கட்டம்:
நீங்கள் அங்கே விடுவதெல்லாம் எங்கள் ஊருக்குத்தான் வருகிறது சார். ஐப்பசி முழுக்க இங்கே துலா ஸ்நானம். கடைமுழுக்கு அன்று வெளியூர் ஜனங்களும் வந்து இறங்குவார்கள். முங்கி எழுந்தால் காலில் துணி சுற்றுகிறது, மனசு கேட்கவில்லை. ஆடி பிறந்ததுமே தெருவில் பேசிவிடுங்கள். காப்பரிசி வாழையிலையில் வரட்டும். சேலையை ஆற்றில் விடாமல் போட, படித்துறையிலேயே ஒரு பெரிய கூடை வையுங்கள்.

லஸ்கர் மகள்:
அண்ணா, என் அப்பா பொதுப்பணித் துறையில் கரை லஸ்கராக, அதாவது ஆற்றங்கரைக் காவலராக இருந்தவர். ஆற்றைப் பார்க்க வேண்டியது தண்ணீர் இல்லாதபோதுதான் என்பார். வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூரை மூடினால் ஜூன் 12-இல்தான் திறப்பார்கள். இடையில் மணல் தெரியும்போது பிள்ளைகளை இறக்கிக் கூட்டிப்போங்கள். எந்தச் சாக்கடை எங்கே வந்து விழுகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதை எழுதி மாநகராட்சியில் மனுவாகக் கொடுங்கள், கொடுத்துவிட்டு விடாமல் கேளுங்கள்.

ஒன்று முக்கியம். ஆற்றில் மண்டுகிற காட்டாமணக்குச் செடியை வெட்டினால், அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள். ஒரு சாண் தண்டு ஈரத்தில் கிடந்தால் போதும், வேர் பிடித்து மறுபடி புதராகிவிடும். கரைக்கு மேலே ஏற்றிக் காயவிட வேண்டும். அப்புறம், நீர்வளத் துறையில் கேட்காமல் பொக்லைன் இறக்காதீர்கள். கரை பலவீனமாகிவிடும்.

கும்பகோணத்துக்காரன்:
சரிம்மா, மாசியில் பிள்ளைகளோடு இறங்குகிறேன். ஆடிக்குச் சப்பரம் இழுக்கிற பிள்ளைகளிடமே கூடைப் பொறுப்பையும் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. அவர்கள் சொன்னால் பாட்டிமார் கேட்பார்கள். அரசலாறு காரைக்காலில் கடலில் சேர்கிறதே, அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கே வந்து சேருவது என்னவென்று தெரிந்தால் எங்கள் தெருவில் சொல்ல வசதியாக இருக்கும்.