வெட்சூட்டுக்குள் ஒண்ணுக்கு வந்தால்: டைவர்கள் நாங்கள் ஆளாளுக்குக் கையாளும் வழிகள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவுக்குப் போகிற சின்னப் படகுகளில் பெரும்பாலும் கழிப்பறை இருக்காது. இரண்டு டைவ் முடித்துக் கரைக்குத் திரும்ப மதியம் ஆகிவிடும். இதற்குப் பயந்து முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது, ஏனென்றால் குடிக்காவிட்டாலும் கடலில் இறங்கினால் வந்தே தீரும். தண்ணீரின் அழுத்தமும் குளிரும் சேர்ந்து கைகால் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளிவிடும், உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் எடுத்துக்கொள்ளும், சிறுநீரகம் வேலையை ஆரம்பித்துவிடும். வறண்ட உடம்போடு டைவ் செய்தால் டீகம்ப்ரஷன் நோய்க்கு (மேலே ஏறும்போது உடம்புக்குள் வாயுக் குமிழ்கள் உண்டாவது) வாய்ப்பு கூடலாம் என்றுதான் டைவிங் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

என் வழி, பழைய காட்டன் நைட்டி. அதோடு மேலே ஜாக்கெட், கீழே பேன்ட் என்று இரண்டாக இருக்கிற வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டி, தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே விடும் டைவ் உடை. இடைவேளையில் நைட்டியைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு உள்ளேயே பேன்ட்டை முழங்கால் வரை இறக்கினால் போதும், படகின் பின்பக்கம் மூடி போட்ட ஒரு வாளி. நைட்டி கொஞ்சம் தொளதொளவென்று இருக்கட்டும், உள்ளே கை வேலை செய்ய இடம் வேண்டும். பெரியவர்கள் போடும் டயாபரை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தண்ணீர் புகாத டிரைசூட்டுக்கு. வெட்சூட்டில் கடல் தண்ணீரைக் குடித்து ஊறிப்போய்த் தொடையை அறுக்கும்.

*

டயாபர் பற்றி மேலே அக்கா சொன்னது சரி. ஆண்களில் சிலர் மெடிக்கலில் காண்டம் கதீட்டர் (ஆணுறை போல மாட்டி, சிறுநீரைக் குழாயில் விடும் உறை) வாங்கி, அதில் சிலிக்கோன் குழாயை மாட்டி, தொடை வழியாக இறக்கி, கணுக்காலுக்கு வெளியே விட்டுக்கொள்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன், வேலை செய்கிறது. ஆனால் தயவுசெய்து குழாயின் நுனியை அடைக்காதீர்கள், கிளிப்பும் போடாதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் உள்ளே மாட்டிய காற்று பாதியாகச் சுருங்கிவிடும், அது உறுப்பையே உறிஞ்சி இழுக்கும், காயமாகிவிடும். நுனி திறந்திருந்து குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருந்தால் அந்தப் பயம் இல்லை. உறை ஒவ்வொரு டைவுக்கும் புதிது, குழாயை அன்றன்றே கழுவிக் காய வைக்க வேண்டும். டிரைசூட்டில் இதே மாதிரிக் குழாய் வைத்தவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் ஒரு மணி நேர டைவுக்கு இவ்வளவு தேவையில்லை. சொந்த சூட் என்றால் உள்ளேயே போய்விடலாம், பெரும்பாலானவர்கள் செய்வது அதுதான்.

*

சூட்டுக்குள்ளேயே போகலாம், ஆனால் வாடகை சூட்டில் வேண்டாம், அடுத்து அதைப் போடுகிறவரும் மனுஷர்தானே. சொந்த சூட்டில் போனால் ஏணியைப் பிடித்து ஏறும் முன்பே கழுத்துப் பக்கத்தை இழுத்துத் திறந்து கடல் தண்ணீரை நன்றாக உள்ளே விட்டு வெளியேற்றுங்கள். வீட்டில் நல்ல தண்ணீரில் கொஞ்சம் பேபி ஷாம்பு கலந்து ஊற வைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப் போடுங்கள். பிளீச்சிங் பவுடர் மட்டும் கூடவே கூடாது, சூட்டின் ரப்பரான நியோப்ரீன் வீணாகிவிடும்.