முதல் சர்ஃப் போர்டைப் பழையதாக வாங்குகிறேன்: மூன்றில் எது?

கேட்டவர்: புதுக்கை

வணக்கம். அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை எல்லாம் வாடகைப் பலகையில்தான். அலை உடைந்து வெள்ளை நுரையாக வரும்போது எழுந்து நிற்க வருகிறது, அதுவும் எப்போதாவதுதான். புதுசு வாங்க வசதி இல்லை, அதனால் பழைய பலகையாகப் பார்க்கிறேன். எடை 68 கிலோ. நீச்சல் நன்றாகத் தெரியும்.

மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன. முதலாவது 6 அடி 1 அங்குல ஷார்ட்போர்டு, குட்டையான மெல்லிய வகை. ஒரு கீறல்கூட இல்லை, அடியில் மீன் துடுப்பு மாதிரி நிற்கும் மூன்று ஃபின்களும் இருக்கின்றன, ஒரு கையில் தூக்கிவிடலாம். "இதிலேயே கத்துக்கலாம், சீக்கிரம் தேறிடுவீங்க" என்கிறார் விற்பவர். இரண்டாவது 7 அடி 10 அங்குல மினி மால், நீளமும் அகலமும் கூடிய வகை. மஞ்சள் பூத்துக் கிடக்கிறது, மூக்கில் ஒட்டுப்போட்ட தழும்பு, மேலே அடை அடையாகப் பழைய வாக்ஸ் (கால் வழுக்காமலிருக்கப் பூசும் மெழுகு), ஓரத்து ஃபின் ஒன்றைக் காணோம். மூன்றாவது 8 அடி சாஃப்ட் டாப், மேல்பரப்பு மெத்தென்று இருக்கும் வகை. எடுத்துப் போனால் போதும் என்கிற மாதிரி பேசுகிறார்கள்.

மனசு முதலாவது மேல்தான் நிற்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

அலைவாசி

முதலாவதை இப்போதே மறந்துவிடுங்கள். அது நல்ல பலகைதான், ஆனால் உங்களுக்கானது இல்லை. பலகையின் அடியில் நடுக்கோட்டை ஒட்டி பென்சிலில் எழுதியிருக்கும் எண்களைப் பாருங்கள். நீளம், அகலம், தடிமன் அந்த வரிசையில் இருக்கும், சிலவற்றில் கடைசியில் லிட்டரும் இருக்கும். அந்த லிட்டர்தான் பலகையின் கன அளவு, உங்களை எவ்வளவு மிதக்கவைக்கும் என்பதற்கான கணக்கு. தொடக்கத்தில் உடல் எடை எத்தனை கிலோவோ ஏறத்தாழ அத்தனை லிட்டராவது வேண்டும், கூட இருந்தால் இன்னும் நல்லது.

6 அடி ஷார்ட்போர்டு பெரும்பாலும் 30 லிட்டரைத் தொடாது. அதில் படுத்தால் பலகை பாதி முழுகிக் கிடக்கும். கையால் எவ்வளவு துழாவினாலும் வேகம் வராது, அலை உங்களைத் தாண்டிப் போய்விடும். எழுந்து நிற்பது சரி, அதற்கு முன்னால் அலையைப் பிடிக்க வேண்டுமே?

புதுக்கை

பார்த்தேன் அண்ணா. ஷார்ட்போர்டில் 27.5 லிட்டர் என்று போட்டிருக்கிறது. சரி, விட்டுவிட்டேன். மினி மாலில் 7'10" x 22½ x 3 என்று மட்டும் இருக்கிறது, லிட்டர் இல்லை. எப்படிக் கணக்குப் போடுவது?

அலைவாசி

எல்லாவற்றையும் அங்குலமாக்கிப் பெருக்குங்கள். 94 x 22.5 x 3 என்றால் சுமார் 6,345 கன அங்குலம். ஒரு லிட்டர் என்பது 61 கன அங்குலம், ஆக 104 லிட்டர். ஆனால் பலகை செங்கல் வடிவம் இல்லையே, முனைகள் குறுகுகின்றன, ஓரங்கள் மெலிகின்றன. இந்த வகைப் பலகைக்கு அதில் 60 சதவீதம் வைத்துக்கொள்ளலாம். 62 லிட்டர் பக்கம் வரும். உங்கள் எடைக்குக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் ஓட்டலாம்.

ஞாயிறு அலை

நான் சாஃப்ட் டாப்தான் சொல்வேன். தொடக்கத்தில் எத்தனை தடவை விழுவீர்கள், பலகை எத்தனை தடவை தலையைத் தேடி வரும் என்பதற்குக் கணக்கே இல்லை. ஃபைபர் கிளாஸ் ஓரம் மண்டையில் பட்டால் தையல்தான். மேல்பரப்பு மெத்தென்று இருந்தால் உங்களுக்கும் நல்லது, பக்கத்தில் நிற்பவருக்கும் நல்லது. 8 அடி என்றால் மிதப்பும் தாராளம்.

ரெசின் கை

பலகை ரிப்பேர் செய்து பிழைப்பவன், என் பங்குக்கு. அளவில் சாஃப்ட் டாப்தான் சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பழையது வாங்கும்போது அளவுக்கு அடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா? மஞ்சளா வெள்ளையா, கீறல் எத்தனை, படம் அழகா, எல்லாம் அதற்கு அப்புறம்.

கடினப் பலகை என்றால் முதல் வேலை வாக்ஸைச் சுரண்டச் சொல்வது. கொஞ்ச நேரம் வெயில் காட்டினால் இளகிவிடும், சீப்பாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ வழித்துவிடலாம். அடை வாக்ஸுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். பெரிய ஸ்டிக்கர் பொருத்தமில்லாத இடத்தில் ஒட்டியிருந்தால் அதன் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

பிறகு கால் ஊன்றும் பகுதி முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். சரியாக ஒட்டாத தரை டைலைத் தட்டினால் வருமே ஒரு வெற்றுச் சத்தம், அது வந்தால் மேல் தோல் உள்ளே இருக்கும் ஃபோமிலிருந்து விட்டுவிட்டது என்று அர்த்தம். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் மீண்டு வரும். இதைத்தான் டீலாமினேஷன் என்கிறோம். சின்னதாக இருந்தாலும் பரவிக்கொண்டே போகும், அந்தப் பலகை வேண்டாம். பாதமும் முட்டியும் பதிந்த ஆழமில்லாத குழிகள் வேறு விஷயம். எந்தப் பலகையிலும் வரும், கவலை வேண்டாம்.

ஓரங்களை உள்ளங்கையால் தடவுங்கள், கண்ணுக்குத் தப்பும் விரிசல் கைக்குத் தெரியும். விரிசலைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது. வால் பக்கம் நின்று ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள், முறுக்கமில்லாமல் நேராக ஓட வேண்டும். குறுக்காக ஒரு மடிப்புக்கோடு மேலும் கீழும் ஒரே இடத்தில் இருந்தால் அது ஒருமுறை ஒடிய இருந்த பலகை, மறுமுறை ஒடிந்தேவிடும்.

உள்ளே என்ன ஃபோம் என்பதும் முக்கியம். பழைய பலகைகளில் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான். அமெரிக்காவில் அதை வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பரில் ஒரே நாளில் கதவைச் சாத்தியபோது பலகை செய்பவர்கள் எல்லாரும் திண்டாடிப்போனார்கள். தெர்மகோல் வகையான ஈ.பி.எஸ். ஃபோமும், அதன் மேல் தோலாக இறுகும் எபாக்ஸி ரெசினும் (பிசின்) பரவலானதில் அதற்கும் பங்குண்டு. உடைந்த இடத்தில் குட்டி வெள்ளை மணிகள் தெரிந்தால் ஈ.பி.எஸ்., மாவு மாதிரி நைஸாக இருந்தால் பாலியூரித்தேன். ஈ.பி.எஸ். பலகைக்கு எபாக்ஸி ரெசின் மட்டுமே போட வேண்டும். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் பட்டால் ஃபோம் கரைந்து குழியாகிவிடும்.

சாஃப்ட் டாப்பில் வாலைக் கீழே வைத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஃபின் திருகுகளின் துளைகளில் தண்ணீர் கசிகிறதா, வால் ஓரத்தில் தோல் பிரிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீர் குடித்த சாஃப்ட் டாப்பைக் காயவைத்து மீட்பது பலகையின் மதிப்பைவிடப் பெரிய வேலை.

புதுக்கை

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாஃப்ட் டாப்பை நிமிர்த்தி வைத்ததும் ஃபின் துளைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. பேசி முடித்துக் கிளம்பும்போதும் நிற்கவில்லை. வால் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தூக்கிக்கொண்டிருக்கிறது.

மினி மாலில் வாக்ஸை வழித்தோம். விற்பவர் மூஞ்சியைச் சுளித்தாலும் கூடவே சுரண்டினார். பின்கால் வைக்கும் இடத்தில் சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள், நகத்தில் சிக்கவில்லை. தட்டினால் எங்கும் ஒரே சத்தம், மூக்கிலிருக்கும் ஒட்டும் கெட்டியாக இருக்கிறது. ஆனால் இடது ஓர ஃபினைச் செருகும் பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல் ஒன்று தெரிகிறது. இது எப்படி?

ரெசின் கை

நகத்தில் சிக்காத கோடுகள் மேல்பூச்சில் மட்டும்தான், விடுங்கள். ஃபின் பெட்டி விரிசல்தான் பார்க்க வேண்டியது. அதில் ஒரு ஃபினைச் செருகி இரண்டு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். ஃபினோடு பெட்டியும் அசைந்து கோடு திறந்து மூடினால் பெட்டியையே தோண்டி எடுத்து மறுபடி பதிக்க வேண்டியிருக்கும், விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். அசையவில்லை என்றால் நன்றாகக் காயவைத்து, வெயிலில் இறுகும் ரெசினைத் தடவி மூடிவிடலாம். ஈரத்தோடு மட்டும் மூடாதீர்கள், உள்ளே மாட்டிய தண்ணீர் வெளியே வராது. மினி மாலில் எந்த ஃபோம்?

புதுக்கை

அசையவில்லை. மூக்கு ஒட்டின் ஓரத்தில் தெரிந்த ஃபோம் நைஸாக, பழுப்பாக இருக்கிறது. அப்படியானால் பாலியூரித்தேன்தானே? அப்புறம் காணாமல்போன ஃபினுக்கு என்ன செய்வது?

ரெசின் கை

ஆமாம், பாலியூரித்தேன். இரண்டு ரெசினும் ஒத்துக்கொள்ளும்.

ஃபினுக்கு அவசரமே இல்லை. நடுவில் நீளப் பெட்டியில் பெரிய ஃபின் திருகி நிற்கிறதா? அது இருந்தால் மீதியிருக்கும் ஓர ஃபினையும் கழற்றிவிட்டு, நடு ஃபின் மட்டும் வைத்து ஓட்டுங்கள். நேராகப் போகக் கற்றுக்கொள்கிறவருக்கு அதுவே போதும், விழும்போது வெட்டுவதற்கு இரண்டு கூர்முனையும் குறைகிறது. பின்னால் ஓர ஃபின் வாங்கும்போது பெட்டியைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். எஃப்.சி.எஸ்., ஃபியூச்சர்ஸ் என்று இரண்டு வகை உண்டு, ஒன்றின் ஃபின் மற்றதன் பெட்டியில் நுழையாது.

ஞாயிறு அலை

சாஃப்ட் டாப் ஆதரவாளன் தோற்றுவிட்டேன், தண்ணீர் சொட்டினால் நானும் தொட மாட்டேன். ஆனால் மூக்குக்கு ரப்பர் உறை ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள். பலகையைக் காலோடு இணைக்கும் லீஷ் மட்டும் பழையது வேண்டாம். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் இழுபட்டு இழுபட்டு ஒருநாள் அறுந்துவிடும், பலகை கரைக்குப் போகும், நீங்கள் அங்கேயே நிற்பீர்கள். பலகையின் நீளத்துக்குச் சமமாக 8 அடி லீஷ் வாங்குங்கள். லீஷைப் பலகையோடு கட்டும் சின்னக் கயிறு பலகையின் விளிம்பைத் தொடாத அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இழுக்கும்போது ஓரத்தை அறுத்துவிடும்.

புதுக்கை

மினி மாலை எடுத்துவிட்டேன், ஃபின் பெட்டியைக் காட்டிக் கொஞ்சம் குறைத்தும் வாங்கினேன். கடைசியாக ஒன்று: கார் மேலே கட்டிக் கொண்டுவருவதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?

அலைவாசி

கழற்ற முடிந்த ஃபினைக் கழற்றிவிடுங்கள். நடு ஃபின் வரவில்லை என்றால் டெக் (கால் வைக்கும் மேல்பரப்பு) கீழே, வால் முன்னால், ஃபின் மேலே பார்க்கிற மாதிரி வைத்துக் கட்டுங்கள். வழியில் எங்கே நிறுத்தினாலும் நிழலில் நிறுத்துங்கள். மூடிய காருக்குள் வெயிலில் விட்டால், இவ்வளவு தட்டிப் பார்த்து வாங்கிய தோல் ஒரே மதியத்தில் கொப்புளம் கட்டிவிடும்.