நீச்சல் பழக்கும்போது பிள்ளைகளை எப்படிப் பிடிக்கிறீங்க?

வணக்கம். அரியமான் கடற்கரையில லீவு நாள்ல ஊர்ப் பிள்ளைகளுக்கு நாங்க சிலபேர் நீச்சல் பழக்குறோம். பொம்பளப் பிள்ளைகளும் வருது. பாக் நீரிணைப் பக்கம்ங்கிறதால வாடைக்காத்து கிளம்புற வரைக்கும் அலைத் தொந்தரவு இல்ல. எங்க சந்தேகம் வேற.

மல்லாந்து மிதக்கப் பழக்க, ஒரு உள்ளங்கை பிடரிக்குக் கீழ, இன்னொன்னு மேல்முதுகுல. "இப்ப முதுகைத் தாங்கப் போறேன், சரியா?"னு கேட்டுட்டுத்தான் கை வைப்போம். வேணாம்னா விட்டுடுவோம். பெத்தவங்க யாராவது கரையில இருந்தாத்தான் வகுப்பு.

கவுந்து நீந்தும்போதுதான் சிக்கல். வயித்துக்கடியில கை கொடுத்துத் தூக்குறது நம்ம ஊர்ப் பழைய வழக்கம். எனக்கு அது ஒப்பல. தண்ணி கலங்கிட்டா கை எங்க இருக்குன்னு கரையில நிக்கிறவங்களுக்கும் தெரியாது. இப்போதைக்கு நீட்டின கையை மட்டும் பிடிச்சு இழுக்கிறோம். சின்னதுக இடுப்பு அமுங்கிக் காலடிக்க மாட்டேங்குது. மிதவைப் பலகை, இடுப்பு மிதவை இதுல எது சரிவரும்? பழக்கினவங்க சொல்லுங்க. (மூழ்குற பிள்ளையை எங்க பிடிச்சாவது தூக்கத்தான் வேணும், அதுல விவாதமே இல்ல.)

இன்னொன்னு. பாம்பன், மண்டபம் பக்கம் பாசி எடுக்க முங்குற அக்காமார் யாராவது பொம்பளப் பிள்ளைகளுக்குப் பழக்கித்தர வருவாங்களா? கூலி கொடுத்துடுறோம்.

பெத்தவங்ககிட்ட எழுதி வாங்குற சம்மதக் கடிதம் தமிழ்ல வச்சிருந்தா அனுப்புங்க. அதுலயே குழந்தைகள் உதவிக்கான 1098 நம்பரையும் போட்டுக் கொடுக்கலாம்னு இருக்கோம்.