அப்பாவுக்கு மறதி, வால்நட் குடுத்தா சரியாகுமா?

செஞ்சிக்காரி:
அப்பாவுக்கு 72 வயசு. ஒரு ஆறு மாசமா மறதி கூடிட்டே போகுது, மோட்டார் போட்டுட்டு மறந்துடுறாரு, டேங்க் வழிஞ்சு பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சொல்ற அளவுக்கு. அண்ணன் வாட்ஸப்ல எதையோ பாத்துட்டு, வால்நட் மூளை மாதிரியே இருக்கு அதனால மூளைக்கு நல்லதாம்னு ரெண்டு கிலோ அனுப்பிட்டான். அப்பா கசக்குதுன்றாரு. கையில குடுத்தா சட்டைப் பாக்கெட்ல போட்டுக்குறாரு, அப்புறம் வாஷிங் மெஷின்ல கெடைக்குது. பல் செட் வேற. இதுல நெஜமாவே ஏதாவது இருக்கா, இல்ல சும்மா உருட்டா?

மொட்டைமாடி:
உருவத்த வச்சு பாத்தா முந்திரி கிட்னி மாதிரிதான் இருக்கு, ஆனா கிட்னி ரொம்ப கெட்டுப்போனவங்களுக்கு டாக்டர் கொறைக்க சொல்ற லிஸ்ட்ல முந்திரியும் இருக்கும் 😄

வால்நட்ல ஒமேகா 3ங்குற நல்ல கொழுப்பு இருக்குறது உண்மை. பார்சிலோனாலயும் கலிஃபோர்னியா லோமா லிண்டாலயும் 63ல இருந்து 79 வயசு வரைக்கும் எழுநூறு பேர வச்சு 2 வருஷம் பாத்தாங்க, பாதிப் பேருக்கு தினம் 30லருந்து 60 கிராம் வால்நட். 2020ல ரிசல்ட் வந்துச்சு, மொத்தத்துல பெருசா வித்தியாசமே இல்ல. பார்சிலோனா ஆளுங்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரிஞ்சுது. அதுவும் நல்லா இருந்தவங்கள வச்சு பாத்தது, மறதி வந்தவங்கள வச்சு இல்ல. செலவுல ஒரு பங்கு கலிஃபோர்னியா வால்நட் கமிஷன்ங்குற வால்நட் விவசாயிங்க அமைப்பு குடுத்த காசு, அப்பவே இவ்வளவுதான் கெடச்சுது.

மல்லாட்டை பிரியன்:
அண்ணன்கிட்ட சொல்லுங்க, ஆயிரக்கணக்குல செலவு பண்ண வேணாம், நம்ம ஊரு மல்லாட்டையே (வேர்க்கடலை) போதும். சீனால 55 வயசு தாண்டுன 4800 பேர பல வருஷம் பாத்ததுல, தினம் 10 கிராமுக்கு மேல கொட்டை சாப்பிட்டவங்களுக்கு ஞாபகசக்தி நல்லா இருந்துச்சுன்னு 2018ல வந்துச்சு, அவங்க சாப்பிட்டதுல முக்காவாசி வேர்க்கடலைதான். சாப்பிட்டதாலதான் அப்படின்னு அடிச்சு சொல்லிட முடியாது, வசதியானவங்களா கூட இருந்திருக்கலாம். உப்பு கம்மியா போட்டு வேக வச்சு குடுங்க, பல் செட்டுக்கு அதான் தோது. பூசணம் புடிச்சது, கசக்குறது இருந்தா யோசிக்காம தூக்கிப் போட்ருங்க. அந்த வால்நட்டையும் ஒண்ணு கடிச்சுப் பாருங்க, தோல் லேசா கசக்கும் அது சகஜம், ஆனா சிக்கு வாடை அடிச்சா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். வெளிய வெக்காதீங்க, ஃப்ரிட்ஜ்ல வைங்க.

ஷிப்ட் முடிஞ்ச நர்ஸ்:
எல்லாரும் பருப்பப் பத்தியே பேசறீங்க. ஆறு மாசத்துல இவ்ளோ மாறிருக்குன்னா மொதல்ல டாக்டர பாருங்கம்மா. அப்பாவுக்கு சுகர் இருக்கா? மெட்ஃபார்மின்ங்குற சுகர் மாத்திரை வருஷக்கணக்கா போட்டா பி12 வைட்டமின் கொறையலாம், பி12 கொறஞ்சா மறதி வரலாம். தைராய்டு, தூக்க மாத்திரை, காது மந்தம், மனசு சோர்வு எல்லாமே மறதி மாதிரிதான் தெரியும், இதுல பலது சரி பண்ணக்கூடியது. வால்நட்ல பி12 கெடையாது.

செஞ்சிக்காரி:
பன்னண்டு வருஷமா சுகர் மாத்திரை போடறாரு, பி12 ஒரு தடவ கூட பாத்ததில்ல! நாளைக்கு காலைல லேபுக்கு கூட்டிட்டுப் போறேன். வால்நட்ட கடிச்சுப் பாத்தேன், நல்லாதான் இருக்கு, மிக்சில பொடிச்சு தோசை மாவுல கலந்துட்டேன். அப்பா ரெண்டு தோசை சாப்ட்டு, மாவு ஏன் கறுத்திருக்குன்னு மட்டும் கேட்டாரு.