சருகை எரிக்காமல் உரமாக்கும் பிள்ளைகள்: பெங்களூருக் கூண்டுகளில் கண்டவை

புங்கமரத்தடி (இந்திராநகர்)

பொங்கல் நெருங்கும்போதே நம்ம ஊர்த் தெருக்களில் சருகு கொட்ட ஆரம்பித்துவிடும். புங்கம், தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை என்று மார்ச் வரை ஓயாது. கூட்டிக் குவித்ததில் பாதி, விடியற்காலைக் குளிருக்கு நெருப்பாகிறது. மீதி மூட்டையாகி லாரி ஏறுகிறது. அடுக்ககப் பிள்ளைகள் சேர்ந்து கம்பிவலைக் கூண்டு வைத்து அதை உரமாக்குவது பல இடங்களில் நடக்கிறது. நல்ல வேலை. ஆனால் ஜனவரியில் ஆரவாரமாகத் தொடங்கிய கூண்டை ஜூனில் எட்டிப்பார்த்தால், போட்ட சருகு போட்டபடி மொறுமொறுவென்று கிடக்கிறது. எங்கே தவறுகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அளவும் முறையும் போதும்.

கூண்டை நானே சொல்லிவிடுகிறேன். 4 அடி உயர ஜிஐ வெல்டட் மெஷ் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பிவலை), ஒரு அங்குலக் கண், 10 அடி நீளம். வளைத்து அரை அடி ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுக் கட்டினால் 3 அடி விட்டம் வரும். கொள்ளளவு ஏறக்குறைய 800 லிட்டர். இதைவிடச் சின்னதாக வைத்தால் நடுவில் சூடு தங்காது. கட்டுக்கம்பியை முறுக்கி இறுக்காமல் நாலு இடத்தில் கொக்கி போடுங்கள், கிளறும்போது கூண்டைக் கழற்ற வேண்டும். வெட்டிய கம்பி முனைகள்தான் பிள்ளைகளின் கையைக் கிழிப்பவை. பழைய தோட்டக்குழாயை நீளவாக்கில் கீறி விளிம்பில் மாட்டிவிடுங்கள். இடம் மண் தரையாக, நிழலாக இருக்கட்டும். மதில் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள், இல்லையென்றால் சுவர் ஓதம் ஏறி அடுக்ககச் சங்கத்துப் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கழுநீர் (காக்ஸ் டவுன்)

உங்கள் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில், தண்ணீர். பிள்ளைகள் மேலே பூவாளியால் தெளித்துவிட்டு நனைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். சருகின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் வழுக்கிக்கொண்டு கூண்டின் ஓரமாக இறங்கிவிடும், நடுவயிறு காய்ந்தே கிடக்கும். ஓடு வேய்ந்த கூரை மாதிரி.

கணக்கு போட்டுப் பாருங்கள். காய்ந்த சருகு 10 கிலோவில் ஈரம் ஒரு கிலோ இருந்தால் அதிகம். நுண்ணுயிர் வேலை செய்ய மொத்த எடையில் பாதிக்குச் சற்று மேல் ஈரம் வேண்டும். அப்படியானால் 10 கிலோ சருகுக்கு 10 லிட்டர் தண்ணீர், எடைக்கு எடை. பெட்டி எடை போடும் கொக்கித் தராசு ஒன்று வாங்கிக் கொடுத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை இதை அழகாகச் செய்துவிடும்: கோணியைத் தூக்கி எடை பார், நோட்டில் எழுது, அத்தனை லிட்டர் அள்ளு.

ஊற்றும் முறை இன்னும் முக்கியம். கூண்டில் போட்ட பிறகு நனைக்காதீர்கள். போடுவதற்கு முன்பே பழைய டிரம்மிலோ தொட்டியிலோ சருகை அமுக்கி ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, பிறகு கூண்டில் போடுங்கள். மிஞ்சிய தண்ணீர் அடுத்த கோணிக்கு. ஊறவைக்க வழியில்லையென்றால் ஓரடி சருகு, மிதி, ஊற்று, மறுபடி ஓரடி. மிதிப்பதற்குச் சின்னப் பிள்ளைகளை விட்டால் நாம் சொல்லவே வேண்டாம். ஆனால் கூண்டுக்குள் இறக்காதீர்கள், கோணியில் கட்டி வெளியே போட்டு மிதிக்கட்டும். இலை நொறுங்கினால் ஈரமும் சீக்கிரம் ஏறும்.

சோதனைக்கு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு சொட்டு வந்தால் சரி. உள்ளங்கை நனையவில்லையென்றால் குறைவு. ஒழுகினால் அதிகம். எறும்பு புற்று வைத்திருந்தால் பிழியவே வேண்டாம், காய்ந்துவிட்டது என்று அதுவே சொல்லிவிட்டது.

டிகாக்ஷன்

கழுநீர் அக்கா சொன்னது முக்கால் பங்கு சரி. நனைத்தும் சூடேறாத கூண்டுகள் இருக்கின்றனவே! அங்கே குறைவது தழைச்சத்து (நைட்ரஜன்). சருகில் கரிச்சத்து (கார்பன்) மிகுதி. பழுப்பு இலைகளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஐம்பது, அறுபது பங்கு கரிச்சத்து. முப்பதுக்குப் பக்கத்தில் இறக்கினால்தான் வேலை நடக்கும்.

எல்லோரும் புளித்த மோர் ஊற்றுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மோர் உயிரிகளைக் கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். விருந்தாளியை அழைத்துவிட்டு இலை போடாத கதை. சாணம் கிடைத்தால் 2 கிலோவை 10 லிட்டரில் கரைத்து, ஓரடிக்கு ஒரு வாளி. சாணத்துக்கு எங்கே போவது என்பவர்களுக்கு, நம்ம வீட்டுக் காபி பில்டரில் தினமும் மிஞ்சுகிறதே காபிச் சக்கை, அதில் தழைச்சத்து சாணத்துக்கு ஏறக்குறையச் சமம். சிக்கரி கலந்திருந்தாலும் பாதகமில்லை. பக்கத்துத் தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) மூடியுள்ள வாளி ஒன்றைக் கொடுத்து வைத்தால் காலை வியாபாரம் முடிவதற்குள் நிரம்பிவிடும். ஐந்து பங்கு சருகுக்கு ஒரு பங்கு சக்கை, அதற்கு மேல் வேண்டாம்; அதிகமானால் சேறாகி அப்பிக்கொண்டு காற்றை அடைக்கும். பால் கலந்த டிகாக்ஷன், டீத்தூளோடு வரும் சர்க்கரைப் பாகு வேண்டவே வேண்டாம். எலி வரும், எறும்பு வரும், பிறகு கூண்டு போகும்.

எல்லா இலையும் ஒன்றல்ல. தூங்குமூஞ்சி, புங்கம் இரண்டும் பயறு வகை, மளமளவென்று மக்கும். மா, பலா, நெட்டிலிங்கம் தோல் மாதிரி. அவற்றைத் தனிக் கூண்டில் போட்டு அடுத்த வருடம் பாருங்கள். மூங்கில் இலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்கள் கல்லூரி போகும்வரை அப்படியே இருக்கும்.

அல்சூர் ஏரிக்கரை

தண்ணீரும் தழைச்சத்தும் சரி. ஆனால் கூண்டு சாவது காலண்டரால். சருகு மிக அதிகமாக விழும் பிப்ரவரி, மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. முடிந்த கையோடு வேலூர், திருவண்ணாமலை, தருமபுரி என்று ஊருக்குப் போய்விடுவார்கள். ஊர் மொத்தமும் காயும் ஏப்ரலில் கூண்டுக்கு ஆளில்லை. பிள்ளைகளுக்கு அக்கறை போய்விட்டது என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அக்கறை அல்ல, அட்டவணைதான் பிழை.

செய்யக்கூடியது இது. புதுச் சருகு போடுவதைப் பிப்ரவரி இரண்டாம் வாரத்தோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகு விழுவதைக் கோணியில் கட்டி நிழலில் அடுக்குங்கள், ஜூனில் இரண்டாம் கூண்டுக்கு ஆகும். பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு ஒரு முறை முழுதாகக் கிளறி, கைப்பிடிச் சோதனையில் சரியாக வரும்வரை நனைத்து, மேலே ஈரக்கோணி, அதன் மேல் பழைய பிளெக்ஸ் பேனர். நடுவில் ஒரு மண்பானை: அடியில் ஆணித் துளை, துளையில் திரி. வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்க வேண்டியது வாரத்துக்கு ஒரு பானை தண்ணீர் மட்டும். அதுவும் நின்றால் மக்குவது நிற்கும், கெட்டுப்போகாது. ஜூன் மழையில் கிளறி நனைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் விடுமுறை முடிந்து வந்து காய்ந்த கூண்டைப் பார்த்துக் கைவிட்டுவிடுவார்கள்.

எந்தத் தண்ணீர் என்பதிலும் கவனம். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது. குழாயில் வரும் காவிரிக் குடிநீரைக் கூண்டுக்கு ஊற்றப் பிள்ளைகளைப் பழக்குவது எந்த வருடத்திலும் சரியல்ல. அரிசி, பருப்பு கழுவிய கழுநீர் தாராளமாக ஊற்றலாம். ஆர்ஓ கழிவுநீரை எப்போதாவது ஊற்றலாம், தொடர்ந்து ஊற்றினால் உப்பு உரத்தில் தங்கும். அடுக்ககச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைப் பெரியவர்கள் ஊற்றட்டும், பிள்ளைகள் கை வைக்க வேண்டாம்.

புங்கமரத்தடி

அட்டவணை விஷயம் யோசிக்கவே இல்லை சார். கிளறுவது எத்தனை நாளுக்கொரு முறை?

அல்சூர் ஏரிக்கரை

முதல் இரண்டு மாதம் 15 நாளுக்கு ஒரு முறை. கூண்டைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்துங்கள், தோட்டத்து முள்கரண்டியால் வெளிப்பக்கத்துச் சருகு உள்ளே போகும்படி மாற்றிப் போடுங்கள். கிளறினால் நாலு மாதம், கிளறாவிட்டால் எட்டு, பத்து மாதம்.

செவிலி (மர்ஃபி டவுன்)

பாதுகாப்பை யாரும் சொல்லவில்லையே. சருகுக் குவியல் பாம்புக்கும் தேளுக்கும் பிடித்த இடம். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இந்த ஊரில் இருக்கின்றன. நாள்பட்டுத் தரையில் கிடந்த குவியலைப் பிள்ளைகள் அள்ளக் கூடாது. அன்று விழுந்ததை மட்டும், அதுவும் நீளக் காம்பு வாரியால். மூடிய காலணி கட்டாயம். பாம்பைக் கண்டால் எல்லோரும் பின்வாங்கிப் பெரியவரைக் கூப்பிடுங்கள், கம்பெடுக்கும் வீரம் வேண்டாம்.

காய்ந்த சருகைக் கிளறினால் பூஞ்சைத் தூள் பறக்கும். முதலில் நனை, பிறகு கிளறு. இழைப்பு உள்ள பிள்ளைக்கு நோட்டெழுதும் வேலை கொடுங்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஒட்டினால் தேய்க்காமல் ஒட்டுநாடாவை வைத்து எடுத்தால் ரோமம் அதோடு வரும். கிளறும்போது கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் அலற வேண்டாம், அது மக்கவைக்கும் வண்டின் புழு. தென்னை பக்கத்தில் இருந்தால் மட்டும் பொறுக்கிவிடுங்கள், காண்டாமிருக வண்டாக இருக்கலாம்.

டிகாக்ஷன்

எரிப்பதைத் தடுப்பது பற்றியும் ஒன்று. 1996-இல் குப்பைக்காக உச்ச நீதிமன்றம் போனவர் நம்ம ஊர் அல்மித்ரா படேல். அந்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாறி, 2016 டிசம்பரில் திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாய் அபராதம், பெருமளவில் எரித்தால் 25,000 என்று உத்தரவு வந்தது. இதைச் சொல்லி எரிப்பவர்களிடம் வாதாடப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். கூட்டுகிற பௌரகார்மிகருக்கு (மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்) விடியும் முன்னே நாலு காலிக் கோணி கிடைத்தால் அவர் எதற்கு நெருப்பு வைக்கிறார்? கல், குட்கா பாக்கெட், பால் கவர் எல்லாம் கலந்துதான் வரும். பொறுக்கிப் பிரிப்பது சின்னப் பிள்ளைகளின் வேலை, இடுக்கியும் கையுறையும் கொடுத்து.

கழுநீர்

கடைசியில் சலிப்பது கால் அங்குலச் சல்லடையில். மேலே நிற்பது அடுத்த கூண்டுக்கு உறைமோர் மாதிரி. சலித்தது தயாரா என்று பார்க்க ஒரு தொட்டியில் உரமும் மண்ணும் பாதிப் பாதி, இன்னொன்றில் வெறும் மண், இரண்டிலும் 20 வெந்தயம் போடச் சொல்லுங்கள். மூன்று, நாலு நாளில் முளையை எண்ணட்டும். உரத் தொட்டியில் வெகுவாகக் குறைந்தால் இன்னும் மக்கவில்லை, மூன்று வாரம் கூண்டுக்கே திருப்புங்கள்.

புங்கமரத்தடி

போகன்வில்லா வெட்டிய கிளையைப் போடலாமா?

கழுநீர்

வேண்டாம். இலை மக்கும், முள் லேசில் மக்காது. சலிக்கிற பிள்ளையின் கையில்தான் வந்து ஏறும்.